கிளை நூலகத்தைத் தூக்கி நிறுத்திய வேலை: நூலக வரியிலிருந்து மைதா பசை வரை

வீட்டு வரி ரசீது பக்கத்தில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். சொத்து வரி என்று ஒரு தொகை இருக்கும். அதை ஒட்டியே நூலக வரி என்று இன்னொரு தொகை இருக்கும். ரூபாய்க்கு 10 காசு. அரையாண்டுக்கு 800 ரூபாய் சொத்து வரி கட்டுகிற வீடு, நூலகத்துக்கென்று தனியாக 80 ரூபாய் கட்டுகிறது. நூலகத்தின் பக்கமே தலைவைத்துப் படுக்காத வீடும் கட்டுகிறது.

டெல்டாவில் ஒரு சின்னப் பேரூராட்சி எங்கள் ஊர். எங்கள் கிளை நூலகத்தின் தளம் ஒழுகத் தொடங்கியதும் வாசகர் வட்டத்தில் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "வசூல் பண்ணிடலாம்." நல்ல மனதோடு சொன்னதுதான். கேட்டால் கொடுக்கிற ஊர் இது. ஆனாலும் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஊர் ஏற்கெனவே பணம் கட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் பணம் போகவேண்டிய இடத்துக்குப் போகிறதா என்று பார்க்காமல் மறுபடியும் அதே வீட்டு வாசலில் போய் நிற்பது முறையில்லை. நூலகத்துக்கு உதவ நினைப்பவர்கள் முதலில் செய்யவேண்டியது, வர வேண்டிய பணத்தை வரவைப்பது. நன்கொடை அதற்குப் பிறகுதான். வேறு ஊர்களில் இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு உதவும் என்பதால் நாங்கள் செய்ததை எழுதிவைக்கிறேன்.

வரி எங்கே போகிறது

இந்த வரிக்கு ஒரு வரலாறு உண்டு. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். இரங்கநாதன் 1930இலேயே காசியில் நடந்த ஆசியக் கல்வி மாநாட்டில் மாதிரி நூலகச் சட்டம் ஒன்றை முன்வைத்தார். அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1948இல், சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அதுதான். ஒரு தனவந்தரின் தயவிலோ ஓர் அதிகாரியின் ஆர்வத்திலோ நூலகம் நிற்கக்கூடாது, ஊரே சேர்ந்து சுமக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை.

அதற்கு முன்பும் நம் பக்கத்தில் நூலகங்கள் இருந்தன. 1931இல் மன்னார்குடியைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கு மாட்டுவண்டியில் புத்தகம் போனது. ஓய்வுபெற்ற பொறியாளர் கனகசபைப் பிள்ளையின் முயற்சி அது. தொடங்கி வைத்தவர் இரங்கநாதன். அப்படி ஒரு மனிதர் ஓர் ஊருக்குக் கிடைப்பது பெரிய பேறு. கிடைக்காத ஊர் என்ன செய்யும்? அந்தக் கேள்விக்குத்தான் ரூபாய்க்கு இத்தனை காசு என்று சட்டம் பதில் சொன்னது.

வரியை வசூலிப்பது உள்ளாட்சி அமைப்பு. ஆனால் அது உள்ளாட்சியின் பணம் இல்லை. மாவட்டத்துப் பொது நூலகங்களை நிர்வகிக்கும் மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு அதைச் செலுத்திவிட வேண்டும். புத்தகம், நாளிதழ், வாடகை, மின்கட்டணம், பராமரிப்பு எல்லாவற்றுக்கும் மாவட்டம் முழுவதும் உள்ள நூலகங்கள் அந்த நிதியைத்தான் நம்பியிருக்கின்றன. இடையில் உள்ளாட்சிக்குக் கைமுடை வந்தால் இந்தப் பணம்தான் முதலில் தங்கிவிடுகிறது. குடிநீர் மோட்டார் எரிந்துபோனால் மறுநாள் காலையிலேயே தெருவில் சத்தம் கேட்கும். நூலக வரி போய்ச் சேரவில்லை என்று யாரும் சத்தம் போடுவதில்லை.

நாங்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டோம். செலவு 10 ரூபாய். நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டி, பிரிவு 6(1)இன் கீழ் என்று குறிப்பிட்டு, உள்ளாட்சி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். இதில் கேள்வியை எப்படி எழுதுகிறோம் என்பது முக்கியம். "நூலக வரியை ஏன் கட்டவில்லை?" என்று எழுதினால் பதிலே வராது. ஏன், எதற்கு என்பதற்கெல்லாம் அந்தச் சட்டத்தில் பதில் வாங்க முடியாது, கோப்பில் இருப்பதைத்தான் கேட்க முடியும். அதனால் கடந்த ஐந்து நிதியாண்டுகளுக்கு, ஆண்டுவாரியாக, வசூலான சொத்து வரி எவ்வளவு, வசூலான நூலக வரி எவ்வளவு, ஆணைக்குழுவுக்குச் செலுத்தியது எவ்வளவு, செலுத்திய தேதி என்ன, நிலுவை எவ்வளவு என்று மட்டும் கேட்டோம். கட்டம் போட்டு, தலைப்பெல்லாம் எழுதி, காலியாக விட்டு மனுவோடு இணைத்தோம். நிரப்பித் திருப்பி அனுப்புவது அவர்களுக்கும் சுலபம்.

பதில் வந்தது. சில ஆண்டுகளில் முழுவதும் கட்டியிருந்தார்கள். சில ஆண்டுகளில் பாதி. கடைசி இரண்டு ஆண்டுகளுக்கு நிலுவை என்று போட்டிருந்தது. தாளில் அதைப் பார்த்ததும் வட்டத்தில் பலருக்குக் கோபம். பத்திரிகைக்குக் கொடுத்துவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் எங்கள் வட்டத்தின் தலைவர். "மொதல்ல போயி உக்காந்து பேசுவோம். நாளைக்கும் இதே ஊர்லதான் இருக்கப்போறோம்" என்றார். அவர் சொன்னதுதான் சரி. அந்த அலுவலகத்தில் கணக்கு பார்ப்பவர் உள்ளதை மறைக்காமல் சொன்னார்: "துப்புரவுப் பணியாளர் சம்பளத்துக்கே இழுபறி ஐயா. வேணும்னு வெச்சுக்கலை." அந்த நெருக்கடி எனக்கும் புரிகிறது. ஆனால் நூலகத்துக்கென்று பேர்சொல்லி வாங்கிய பணத்தைக் கொண்டு அதைத் தீர்க்கக்கூடாது.

வார்டு உறுப்பினர்களை ஒவ்வொருவராகப் பார்த்து ரசீதின் நகலையும் பதிலின் நகலையும் கொடுத்தோம். தாங்கள் கட்டும் வரியிலும் நூலக வரி இருக்கிறது என்பதே சிலருக்குப் புதுச் செய்தி. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்திலும் ஒரு மனு கொடுத்தோம். நிலுவையைத் தவணையாகக் கட்டிவிடுவதாக மன்றத்தில் முடிவானது. முதல் தவணை போனதற்கான சலானின் நகல் எங்கள் கோப்பில் இருக்கிறது.

அந்தப் பணம் நேராக எங்கள் நூலகத்துக்கு வராது என்று தெரிந்ததும் வட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. "நம்ம ஊரு காசு, எங்கியோ இருக்குற ஊருக்குப் போவுது" என்றார் ஒருவர். அதில் தப்பில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். மாவட்டத்தில் பெரிய கட்டடங்களும் கடைவீதியும் உள்ள ஊர்கள் நிறைய வரி கட்டும். குடிசைகளும் ஓட்டு வீடுகளும் நிறைந்த கிராமத்தில் நூலக வரி எவ்வளவு தேறும்? அங்கேயும் ஓர் ஊர்ப்புற நூலகம் திறந்திருக்கிறது என்றால், பணம் ஒரே பானையில் விழுந்து பங்காவதுதான் காரணம். எங்களுக்குக் கிடைத்தது வேறு ஒன்று. மாவட்ட நூலக அலுவலரிடம் போகும்போது இனி வெறுங்கையோடு போகவேண்டியதில்லை. நிலுவையைக் கட்டவைத்த ஊர்க்காரர்கள் என்று எங்களை உட்காரவைத்துப் பேசினார்கள்.

தளம்

கடிதமும் மனுவும் அதன் வேகத்தில்தான் நகரும். ஐப்பசி மழை காத்திருக்காது. எங்கள் நூலகம் சொந்தக் கட்டடத்தில் இயங்குகிறது. அந்தக் காலத்தில் ஒரு குடும்பம் எழுதிக்கொடுத்த மனையில் கட்டியது. ஆகவே கட்டடம் ஆணைக்குழுவின் சொத்து. வாசகர் வட்டம் நினைத்த மாத்திரத்தில் ஏறிக் கொத்திவிட முடியாது. என்ன வேலை, யார் செலவு, யார் பொறுப்பு என்று எழுதி மாவட்ட நூலக அலுவலரிடம் எழுத்துப்பூர்வ அனுமதி வாங்கிய பிறகே ஏணியை வைத்தோம். இந்தக் கடிதம் இல்லாமல் எந்த ஊரிலும் வேலை தொடங்கக்கூடாது. நாளை ஏதாவது ஆனால் பதில் சொல்லவேண்டியது பாவம் அந்த நூலகர்தான். எங்கள் நூலகர் மூன்றாம் நிலை நூலகர். பூட்டுவதிலிருந்து பெருக்குவதிலிருந்து பதிவேடு எழுதுவது வரை ஒரே ஆள்.

உள்ளே ஒழுகும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்று நினைத்துத் தளத்தைக் கொத்தினால் வேலை கெட்டுப்போகும். தண்ணீர் ஓர் இடத்தில் இறங்கி, தட்டோட்டுக்கு அடியில் நகர்ந்து, கம்பி பிடித்து, வேறெங்கோ சொட்டும். எங்கள் கொத்தனார் முதலில் உள்ளே கூரையில் கறை படிந்த இடங்களைச் சுண்ணக்கட்டியால் வளைத்தார். இரண்டு சுவர்களிலிருந்தும் அதன் தூரத்தை அளந்து எழுதிக்கொண்டார். மேலே ஏறி, சுவர்க் கனத்தையும் சேர்த்து, அதே அளவில் தளத்தில் புள்ளி வைத்தார். பிறகு அந்தப் புள்ளியைச் சீந்தவில்லை. ஒரு குடம் தண்ணீரை நடுத்தளத்தில் ஊற்றிவிட்டு நின்று பார்த்தார்.

தண்ணீர் வடிகுழாய் வாய்க்குப் போகவில்லை. எதிர் மூலைக்குப் போய்த் தேங்கியது.

"வாட்டம் மாறிப்போச்சு தம்பி. அந்த மூலையில எறங்கி நாலடி தள்ளி உள்ள சொட்டுது" என்றார். மூலைக்குப் போய்ப் பார்த்தோம். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் இடத்தில் முழங்கால் உயரத்துக்கு ஓர் அரசங்கன்று நின்றது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதன் வேர் பூச்சுக்குள் புகுந்து, தட்டோட்டுக்கு அடியில் விரல் கனத்துக்கு ஓடி, ஓடுகளையே தூக்கிவிட்டிருந்தது. வருஷா வருஷம் யாரோ மேலே ஏறி அதை ஒடித்துவிட்டு இறங்கியிருக்கிறார்கள். அடித்தண்டில் நாலைந்து வெட்டுத்தழும்பு. ஒடிக்க ஒடிக்க வேர்தான் தடிக்கும்.

வேர் போன வழியே பூச்சை உடைத்துக்கொண்டு போய், நுனி வரை உருவி எடுத்தோம். நுனி என்று நினைத்த இடத்திலிருந்து இன்னும் ஒரு முழம் இருந்தது. அந்தக் குழியைத் தண்ணீர் விட்டுக் கழுவி, சிமெண்ட் ஒன்றுக்கு மணல் மூன்று என்று கலந்த சாந்தை அடைத்தார். தூக்கிய ஓடுகளை எடுத்துவிட்டு, அடியில் வாட்டம் சரிசெய்து, புது ஓடு பதித்தார். மற்ற ஓடுகளுக்கு நடுவில் உள்ள சந்துகளைக் கம்பியால் சுரண்டி, பழைய பொடியையும் பாசியையும் வழித்து, நீர்க்கசிவு தடுக்கும் பொடி கலந்த சிமெண்ட் குழம்பை ஊற்றி அழுத்தினோம். சுரண்டுகிற வேலையைக் கல்லூரி மாணவர்கள் செய்தார்கள். வெயிலில் குந்தி உட்கார்ந்து செய்கிற வேலை. இடுப்பு விட்டுப்போகும். ஆனால் தளத்தின் ஆயுளே அந்தச் சந்தில்தான் இருக்கிறது. அதை ஒழுங்காகச் சுரண்டாமல் மேலே என்ன பூசினாலும் அடுத்த கோடையில் பிளந்துவிடும். கைப்பிடிச் சுவரோரம் முழுக்க, தண்ணீர் தங்காதபடி சரிவாகச் சாந்து அணைத்தார்.

வடிகுழாய் வாயில் வேப்பிலைச் சருகு மக்கி அடைத்திருந்தது. அதை எடுத்துவிட்டு, குழாய் வாயில் கம்பி வலைக் கூண்டு ஒன்றைக் கவிழ்த்தோம். மொத்த வேலையில் மிகக் குறைந்த செலவு பிடித்தது அதற்குத்தான்.

ஈரச்சாக்கு போட்டு ஒரு வாரம் நனைத்தோம். பிறகு சோதனை. வடிகுழாயைத் துணியும் களிமண்ணும் வைத்து அடைத்து, தளம் முழுக்க விரல் உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தி, ஒரு பகலும் இரவும் விட்டோம். உள்ளே கூரையைத் தடவிப் பார்த்தால் காய்ந்த சுண்ணாம்புதான் கையில் ஒட்டியது. கொத்தனாருக்குக் கூலி கொடுக்கப் போனபோது பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் மகள் டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்கு எங்கள் நூலகத்தில் உட்கார்ந்துதான் படித்தாள். சிமெண்டும் ஓடும் கடைக்காரர்கள் கொடுத்தது. எல்லாவற்றுக்கும் பில் வாங்கி, நூலகத்துக்கு அன்பளிப்பு என்று எழுதி, அந்த அனுமதிக் கடிதத்தோடு சேர்த்துக் கோப்பில் வைத்தோம்.

நனைந்த புத்தகங்கள்

ஒழுகிய சுவரோரம் இருந்தவை அகராதிகள், கலைக்களஞ்சியத் தொகுதிகள், பழைய இலக்கிய நூல்கள். தடித்த, கனமான, இன்று கடையில் கிடைக்காத புத்தகங்கள்.

நனைந்த புத்தகத்தை வெயிலில் போடக்கூடாது. தாள் முறுகி, அட்டை வளைந்து, முதுகு விட்டுவிடும். நிழலில், காற்றாடிக்குக் கீழே, விரித்து நிற்கவைத்துத்தான் காயவைக்க வேண்டும். தாமதமும் கூடாது. இரண்டு நாளில் பூஞ்சை பிடித்துவிடும். இடையிடையே அச்சடிக்காத வெள்ளைத் தாள் செருகி, அது ஈரம் குடித்ததும் மாற்ற வேண்டும். செய்தித்தாளைச் செருகினால் மை ஒட்டும். வழவழப்பான தாளில் படங்கள் அச்சான புத்தகம்தான் மிகவும் ஆபத்தானது. ஈரத்தோடு மூடிவைத்துக் காய்ந்துவிட்டால் பக்கங்கள் பலகையாக ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிக்கவே முடியாது. அதனால் அவற்றை முதலில் எடுத்து ஒவ்வொரு தாளாகப் பிரித்தோம்.

காய்ந்தவற்றைத் தட்டியபோது ராமபாணப் பூச்சி அரித்த தூளும் கொட்டியது. அலமாரிகளைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நகர்த்தினோம். சுவரோடு ஒட்டி வைத்தால் ஈரமும் கரையானும் நேராக ஏறும். வசம்புத் துண்டுகளைத் துணியில் முடிந்து ஒவ்வொரு தட்டிலும் வைத்தோம். ஏட்டுச்சுவடி வைத்திருந்த வீடுகளில் செய்த பழக்கம்தான்.

பிறகு பைண்டிங். பக்கத்து ஊரில் அச்சகம் வைத்திருந்து இப்போது ஓய்ந்திருக்கிற ஒரு பெரியவர் வாரம் ஒருமுறை வந்து கற்றுக்கொடுத்தார். அவரிடமிருந்து கற்றதை முடிந்தவரை அப்படியே எழுதுகிறேன்.

பசை மைதாவில்தான். ஒரு டம்ளர் மைதாவைக் குளிர்ந்த தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, நாலைந்து டம்ளர் தண்ணீரோடு சிறு தீயில் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். வெள்ளை நிறம் போய்க் கண்ணாடி மாதிரி ஆனதும் இறக்கி, ஒரு சிட்டிகை மயில்துத்தம் சேர்க்க வேண்டும். துத்தம் சேர்த்தால் பூச்சி வராது. அது விஷம். தனிப் பாத்திரம், தனிக் கரண்டி, குழந்தைகள் கைக்கு எட்டாத இடம். மைதா பசையின் அருமை என்னவென்றால், நாளைக்கு இன்னொருவர் அந்தப் புத்தகத்தைப் பிரித்து மறுபடியும் தைக்க வேண்டியிருந்தால் ஈரத்துணி வைத்து நெகிழ்த்திவிடலாம். கடையில் விற்கும் வெள்ளைப் பசை காய்ந்தால் தாளோடுதான் பிரியும்.

முதலில் புத்தகத்தின் பழைய கம்பித் தையலை எடுக்க வேண்டும். துருப்பிடித்த கம்பியை இழுக்கக் கூடாது. தாளைக் கிழித்துக்கொண்டு வரும். பின்பக்கம் மடங்கிய முனைகளைக் கத்தி நுனியால் நிமிர்த்தி, முன்பக்கமிருந்து மெல்ல உருவ வேண்டும். பக்க எண் பார்த்து வரிசை சரிபார்க்க வேண்டும். கிழிந்த தாளை மெல்லிய தாளும் பசையும் வைத்து ஒட்ட வேண்டும். செல்லோ டேப்பை மட்டும் தொடவே கூடாது. எங்கள் நூலகத்தில் அன்புள்ள வாசகர்கள் பலர் டேப் ஒட்டி வைத்திருந்தார்கள். இன்று டேப் உதிர்ந்துவிட்டது, மஞ்சள் கறையும் நொறுங்கும் தாளும்தான் மிச்சம்.

முதுகிலிருந்து அரை விரல் தள்ளிக் குத்தூசியால் துளை போட்டு, மெழுகு தடவிய நூலால் தைக்கிறோம். நூலை மெழுகுத் துண்டில் இரண்டுமுறை இழுத்தால் போதும், வழுக்கிக்கொண்டு போகும், முடிச்சும் இறுகும். தைத்த முதுகில் காடாத் துணியைப் பசை போட்டு ஒட்டி, அது இரண்டு பக்கமும் அட்டை மேல் படிய விடுகிறோம். மேலே காலிகோ என்னும் பைண்டிங் துணி. பிறகு வெள்ளைத் தாளில் சுற்றிய செங்கல்லைப் பாரமாக ஏற்றி ஓர் இரவு. காலையில் திறந்தால் புத்தகம் படுத்து விரிய வேண்டும். விரியாவிட்டால் தையல் உள்ளே தள்ளிப்போய்விட்டது என்று அர்த்தம்.

அச்சகப் பெரியவர் ஒரு பள்ளி மாணவியின் கையைப் பிடித்துக் குத்தூசியை எப்படிச் சாய்க்காமல் நேராக இறக்குவது என்று காட்டியதைப் பார்த்தேன். "எழுத்து மேல ஓட்டை விழுந்தா எழுதுனவனுக்கு வலிக்கும் தாயி" என்றார். அந்தப் பெண் இப்போது அவரைவிடச் சீராகத் துளையிடுகிறாள்.

எந்தப் புத்தகம் தைக்கப் போனாலும் சேர்க்கைப் பதிவேட்டு எண்ணை ஒரு நோட்டில் எழுதி, எடுத்தவர் கையெழுத்து, திருப்பியவர் கையெழுத்து வாங்குகிறோம். காணாமல்போனால் பதில் சொல்ல வேண்டியவர் நூலகர். கிழிந்தது என்று நாமாக எதையும் கழித்துவிடவும் முடியாது. நீக்குவதற்கு ஆணைக்குழுவின் நடைமுறை இருக்கிறது. தைக்க முடியாதவற்றைக் கட்டி, எண் எழுதி, தனியாக வைத்திருக்கிறோம்.

பணம் யார் கையில்

வரியும் தளமும் ஒரு நிலைக்கு வந்த பிறகுதான் நன்கொடைக்குப் போனோம். அதிலும் வட்டத்தில் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டோம்: நூலகத்துக்கான ரொக்கம் எதுவும் எங்கள் கைக்கோ எங்கள் கைப்பேசிக்கோ வரக்கூடாது. 1,000 ரூபாய் செலுத்தினால் புரவலர், 5,000 செலுத்தினால் பெரும் புரவலர் என்று நூலகத் துறையிலேயே ஏற்பாடு இருக்கிறது. கொடுப்பவரை நேராக நூலகத்துக்கு அழைத்துப்போவோம். அவரே பணத்தைக் கட்டுவார், அவர் பேரில் ரசீது வாங்குவார், பலகையில் பேர் ஏறும். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் விடுமுறைக்கு வந்தபோது அம்மா பேரிலும் அப்பா பேரிலும் புரவலர் ஆனார்கள். இந்த ஒழுங்கு வந்த பிறகு ஊரில் எங்களைச் சந்தேகப்பட யாருக்கும் இடமில்லை. நூலகத்தைவிட்டு நல்லவர்கள் விலகிப்போவது பெரும்பாலும் பணப்பேச்சால்தான்.

பொருளாகக் கொடுப்பவர்கள் பொருளாகக் கொடுக்கட்டும். மருந்துக்கடைக்காரர் ஒருவர் ஓர் ஆங்கில நாளிதழுக்கு ஏஜென்டிடம் நேரே சந்தா கட்டுகிறார். மின்சாரக்கடை வைத்திருப்பவர் இரண்டு காற்றாடி மாட்டினார்.

புத்தக அன்பளிப்பில்தான் கண்டிப்பு வேண்டும். வீட்டைக் காலி செய்கிறவர்கள் மூட்டையாகக் கொண்டுவந்து இறக்குகிறார்கள். பழைய பாடத்திட்டத்து கைடு, பாதி எழுதிய பயிற்சி ஏடு, பத்து வருஷத்துக்கு முந்தைய பொது அறிவு மலர். மறுத்தால் மனம் வருந்துவார்கள், வாங்கினால் அலமாரி வீணாகும். அதற்கு ஒரு வழி செய்தோம். நூலகர் மேஜைமேல் ஒரு நோட்டு இருக்கிறது. வந்து கேட்டுக் கிடைக்காத புத்தகத்தின் பேரை வாசகர்களே அதில் எழுதுகிறார்கள். 6ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரையிலான பாடநூல்கள்தான் அதில் அதிகம். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு அதுதான் முதல் தேவை. அடுத்தபடி சிறுவர் கதைகள். கொஞ்சம் எதிர்பாராதது, இயற்கை வேளாண்மைப் புத்தகங்களைக் கேட்டு வயசானவர்கள் எழுதியிருந்தார்கள். பிறந்தநாள், கல்யாணநாள் என்று கொடுக்க விரும்புகிறவர்களிடம் அந்த நோட்டைத் திறந்து காட்டுகிறோம். அதிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் புதிதாக வாங்கித் தருகிறார்கள்.

பணமே இல்லாதவர்கள் உறுப்பினர் ஆகலாம். இதை நான் எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்கிறேன். உறுப்பினர் கட்டணம் சொற்பம். ஆனால் பதிவேட்டில் ஏறும் ஒவ்வொரு பேரும், வருகைப் பதிவில் விழும் ஒவ்வொரு கையெழுத்தும், இந்த நூலகம் இந்த ஊருக்கு வேண்டும் என்பதற்குச் சாட்சி. கூடுதல் பணியாளர் கேட்டாலும் தரம் உயர்த்தச் சொன்னாலும் மேலே முதலில் பார்ப்பது அந்த எண்ணிக்கையைத்தான். பேப்பர் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடாமல் போகிறவர்களை வாசலில் நிறுத்திப் போடவைக்கிறோம்.

கழிப்பறை

இப்போது கையில் இருக்கும் வேலை இது. எங்கள் நூலகத்தில் கழிப்பறை இல்லை. ஆண்கள் எப்படியோ சமாளித்துக்கொள்கிறார்கள். தேர்வுக்குப் படிக்கும் பெண்கள் காலையில் வந்து, தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருந்து, மதியம் ஆவதற்குள் புத்தகத்தை மூடிக் கிளம்பிவிடுகிறார்கள். அவர்களுக்கு ஆர்வம் குறைவு என்று நினைப்பவர்கள் அவர்கள் பக்கத்தில் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். புத்தகத்தைவிட, காற்றாடியைவிட இது அவசரம் என்று நான் கூட்டத்தில் சொன்னபோது பெண்கள் பக்கமிருந்து ஒருவர்கூட மாற்றிச் சொல்லவில்லை.

இது வாசகர் வட்டம் தன் கையால் கட்டும் வேலை இல்லை, நன்கொடையில் கட்டவும் கூடாது என்பது என் கருத்து. பொது நிதியில் வரவேண்டிய வசதி. சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். அதிலிருந்து கேட்டு மனு கொடுத்திருக்கிறோம். நமக்கு நாமே திட்டம் என்றால் மக்களும் ஒரு பங்கு போட வேண்டும். அதை இரண்டாவது வழியாக வைத்திருக்கிறோம். எந்த வழியில் போனாலும் மனுவோடு மனைப்பத்திர நகல், ஆணைக்குழுவின் தடையின்மைக் கடிதம், தண்ணீர் இணைப்பும் கழிவுத்தொட்டியும் எங்கே வரும் என்ற வரைபடம், தினமும் யார் கழுவுவது என்பதற்கான ஏற்பாடு நான்கும் இருந்தால் கோப்பு திரும்பி வராது. நாலாவதைப் பலர் எழுதுவதில்லை. அதனால்தான் பல அலுவலகங்களில் கட்டி முடித்த கழிப்பறைக்குப் பூட்டுத் தொங்குகிறது. எங்கள் மனுவில் அதற்கு உள்ளாட்சியின் துப்புரவுப் பிரிவு பொறுப்பேற்க வேண்டும் என்று எழுதி, செயல் அலுவலரிடம் ஒப்புதல் கையெழுத்தும் வாங்கி வைத்திருக்கிறோம். பொறியாளர் மனையை அளந்துவிட்டுப் போயிருக்கிறார். மதிப்பீடு வந்ததும் தொகையும் வரைபடமும் இங்கே சேர்க்கிறேன்.